அக்கா காதில் விழக்கூடாத பாட்டு

ஐபோனை நானாகவே தேர்ந்தெடுத்ததாக மாக்கா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் வாயை அடைக்க யாராலும் முடியாது. நடந்ததைச் சொல்கிறேன். தேர்ந்தெடுத்தேனா, மாட்டிக்கொண்டேனா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் கலாஃபி. எங்கள் தீவின் தலைநகரான நுகுஅலோஃபாவில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கட்டுமானச் சாமான் கடையில் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறேன். மாக்கா அதே கடையில் மரம் ஏற்றி இறக்குகிறான். எனக்கு வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. பாட்டு எனக்குத் தொழில் இல்லை. நோட்டு பார்த்து வாசிக்கத் தெரியாது, யுகுலேலே மட்டும் கொஞ்சம் வரும். மற்றதெல்லாம் போனில்தான். வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பாட்டுச் செயலியைத் திறப்பேன். முரசு ஒரு தடம், பேஸ் ஒரு தடம், கீபோர்டு ஒரு தடம் என்று விரலால் தட்டித் தட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். கடைசியில் என் குரல் ஒரு தடம். இப்படி ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு பாட்டு. அதில் நாற்பது குப்பை. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே குப்பை. ஒன்றுதான் பாட்டு.

அந்த ஒன்று வைமோவானாவுக்காகப் பண்ணியது. எங்கள் கடைக்கு எதிரே துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கத்தரியை வைத்தால் நடுவில் நிற்காமல் கோடு போட்டதுபோல் ஒரே ஓட்டமாக வெட்டிவிடுவாள். நானும் வெட்டுகிற தொழில் என்பதால் அது என் கண்ணில் பட்டது. அப்புறம் கையைப் பார்ப்பதை விட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. ‘ஒரு முழம் என்னையும் வெட்டிக் கொடு’ என்று பாட்டு தொடங்கும். இரண்டாவது அடியில், எங்கள் ஊர் வழக்கப்படி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பின்னல் பாயாக நான் இருந்தால் என்று ஒரு கற்பனை வரும். மூன்றாவது அடியை இங்கே எழுத முடியாது. கவா வேரைக் கரைத்துக் குடித்துக்கொண்டு ஆண்கள் உட்கார்கிற வட்டத்தில் பாடுகிற பாட்டு அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

எங்கள் கவா சங்கத்தில் பதினெட்டுப் பேர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் பணம் திரட்ட ஒரு சனிக்கிழமை பெரிய வட்டம் கூட்டுவதாக முடிவாகியிருந்தது. கவா கலந்து கொடுக்க வருகிற பெண் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவனுக்கும் அக்கா தங்கை முறை ஆகக்கூடாது. ஆகிவிட்டால் தொலைந்தது, ஒருத்தனும் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேச முடியாது, பாட முடியாது, குனிந்த தலை நிமிராமல் மழை வருமா வராதா என்று பேசிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை ஆகிற ஊரில் அப்படி ஒரு பெண்ணைப் பிடிப்பது லேசில்லை. வைமோவானா ஹாப்பாய் தீவிலிருந்து வந்தவள், எங்களில் யாருக்கும் எந்த முறையும் இல்லை. கேட்டார்கள், வருகிறேன் என்றாள். அவள் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பாடிவிட்டால் போதும். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குப் புரிந்துவிடும். எனக்கு நேராகப் பேச வராது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து என் பழைய ஐபோனுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. பேட்டரி உப்பி, கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சார்ஜரைப் பிடுங்கினால் பத்து நிமிஷம் உயிரோடு இருக்கும். வேறு போன் வாங்கியே ஆக வேண்டும் என்று மாக்காவையும் கூட்டிக்கொண்டு போன் கடைக்குப் போனேன்.

“ஆண்ட்ராய்டு வாங்குடா,” என்றான் மாக்கா. “சங்கத்துல பதினெட்டுப் பேர்ல பதினேழு பேரு அதான் வச்சிருக்கான். ப்ளூடூத்துல ஒரு பாட்டு அனுப்பினா உன்னோடது மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குது. போனா அது, இல்ல பிரபு வீட்டு மாப்பிள்ளையா?”

“நான் பண்ணினதெல்லாம் இதுலதான்டா திறக்கும்.”

“என்னத்தப் பண்ணின? நாப்பத்தொண்ணுல ஒண்ணாவது எங்க காதுக்கு வந்திருக்கா?”

“வரும்.”

“எப்போ? அவளுக்குப் பேரன் பொறந்தப்புறமா?”

கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு ஆண்ட்ராய்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். பெரிய திரை, பேட்டரி இரண்டு நாள் நிற்குமாம். முரசு தட்டுகிற செயலி ஒன்றை இறக்கித் தட்டிப் பார்த்தேன். விரல் வைத்துக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்தது. கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது. பேசுகிறவனுக்கு அது ஒன்றுமே இல்லை. தாளம் தட்டுகிறவனுக்கு, காலை வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி.

“கேட்டியா, லேட்டா வருது,” என்றேன்.

“நீயுந்தான் தெனம் லேட்டா வர்ற. உன்னை மொதலாளி வச்சுக்கலையா?”

“இதவிட வெலை கூடின மாடல்ல அவ்வளவு தெரியாது,” என்றாள் அந்தப் பெண். “ஆனா உங்க பழைய பாட்டெல்லாம் இதுல தடம் தடமாத் திறக்காது. மொத்தமா ஒரே ஆடியோவா மாத்தி வேணா எடுத்துட்டு வரலாம். அப்புறம் முரசைத் தனியா, குரலைத் தனியா தொட முடியாது. ரொட்டி மாவு பிசைஞ்சப்புறம் உப்பை மட்டும் எடுக்க முடியாது இல்ல, அந்த மாதிரி.”

என் பாட்டு இன்னும் முடியவில்லை. பேஸ் சரியில்லை, கடைசி அடியில் குரல் பிசிறுகிறது. மாவைப் பிசைந்து கையில் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது? ஏழு மாதம் கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சேர்த்ததைக் கொடுத்து ஐபோனையே வாங்கினேன். இதைத்தான் மாக்கா நான் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறான். நாற்பத்தொரு பாட்டும் என் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போயின, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பழையதைப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். பாட்டெல்லாம் தானாகவே இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நாலு நாள் நீடித்தது.

ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும், சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் பொதிந்து மண்ணடுப்பில் சுட்டதை லூப்பே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசல் வரைக்கும்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்காவும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசியதும் இல்லை. கோபதாபம் எதுவும் கிடையாது, மரியாதை. அவள் காது கேட்கக் காதல், இடுப்பு என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தால் நான் உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை. ரேடியோவில் அப்படி ஒரு பாட்டு வந்து, அவள் பக்கத்து அறையில் இருந்தாலே நான் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்.

அன்றைக்கு வாசலுக்கு வந்தது அக்கா மகள் பிசிலா. இருபத்திரண்டு வயது. அவள் பார்வை பொட்டலத்தில் இல்லை, என் சட்டைப் பையில் இருந்தது.

“மாமா, அது புது போனா?”

“ஆமா.”

“காட்டுங்க.” வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நல்லா இருக்கு. எனக்கு வேணும்.”

எங்கள் ஊரில் அக்கா பிள்ளை கேட்டால் தாய்மாமன் கொடுத்துவிட வேண்டும். பன்றியோ பாயோ படகோ, கேட்டது அவர்களுடையது. இல்லை என்கிற சொல் அந்த இடத்தில் கிடையாது. அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நாளைக்கு நான் செத்தால் என் தலைமாட்டில் முதல் மரியாதையோடு உட்காரப்போகிறவளும் அவள்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

“எடுத்துக்கோ,” என்றேன். “நாளைக்குச் சாயங்காலம் கொண்டுவந்து தர்றேன். உள்ள என் சாமான் கொஞ்சம் கெடக்கு.”

“என்ன சாமான்?”

“பாட்டு.”

“இருந்தா இருக்கட்டும் மாமா. நான் என்ன தின்னுடவா போறேன்?”

திங்கட்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகப் புதிய போனில் அந்தப் பாட்டை அழித்தேன். மனசு ஆறுதலாகப் பழையதைத் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை. பதறிப்போய்த் தேடியதில் குப்பைத் தொட்டி மாதிரி ஒரு இடத்தில் கிடந்தது. மீட்டேன். உடனே இரண்டு போனிலும் வந்து நின்றது. அப்போதுதான் புரிந்தது. போன் இரண்டு, ஆனால் கணக்கு ஒன்று. இங்கே அழித்தால் அங்கே அழியும், இங்கே பாடினால் அங்கே கேட்கும்.

சரி, புதிய போனிலிருந்து என் கணக்கையே எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். கடவுச்சொல் கேட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீட்டில் எழுதி வைத்தது, அந்தச் சீட்டு எப்போதோ சட்டையோடு துவைபட்டுக் கூழாகிவிட்டது. மறந்துவிட்டதா என்று ஒரு வரி இருந்தது, அதைத் தட்டினேன். நான் தொலைத்து நாலு வருஷமான ஒரு நம்பருக்குச் செய்தி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. உள்ளே வரும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே போகத்தான் கடவுச்சொல் கேட்கிறார்கள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இப்பவாவது என் பேச்சைக் கேளு,” என்றான். “என் தம்பியோட பழைய ஆண்ட்ராய்டு ஒண்ணு வீட்ல சும்மா கெடக்கு, எடுத்துக்கோ. அந்தப் பாட்டை அங்கேயும் இங்கேயும் அழிச்சுத் தொலைச்சுட்டு, இதுல மொதல்லேருந்து போடு. அக்கா வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இருக்காது.”

“ரெண்டு வருஷ வேலைடா. வட்டம் கூட இன்னும் மூணு வாரந்தான் இருக்கு, அதுக்குள்ள எப்படித் திரும்பப் போடுறது? அதுவும் லேட்டா வர்ற போன்ல.”

“லேட்டா வந்தாலும் அது உன்னோட போனா இருக்கும்ல.”

“இந்த ஒரு பாட்டு முடியட்டும். அப்புறம் வாங்கிக்கறேன்.”

“பிசிலா அதைத் திறந்து, பக்கத்துல உங்கக்கா நின்னாங்கன்னு வையி. நீ படகேறி ஹாப்பாய்க்கே போயிட வேண்டியதுதான்.”

அந்தப் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாட்டின் பெயர் ‘வைமோவானா’ என்று இருந்ததை ‘ஏழு’ என்று மாற்றினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த பாதுகாப்பு. அதைத் திறக்காதே என்று பிசிலாவிடம் சொல்லலாமா என்று வழி முழுக்க யோசித்தேன். சொன்னால் முதலில் அதைத்தான் திறப்பாள். பேசாமல் போனைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரமும் வயிறு உப்பிய போனோடு, சார்ஜர் எட்டுகிற தூரத்துக்குள் குடியிருந்தேன். சமையலறையில் ஒரே ஒரு பிளக்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதன் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு காதைத் தெருவில் வைத்துக்கொண்டு பாடினேன். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் இது இப்போது அக்கா வீட்டுக்குள் போய் உட்காருகிறது என்று நினைப்பு வரும். மூன்றாவது அடியைப் பாட வாய் எழாது. அடக்கி அடக்கிப் பாடினேன். சிரிக்காதீர்கள், அதனாலேயே பாட்டு நன்றாக வந்தது. குரலில் ஒரு ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு நாள் பாட்டைத் திறந்தபோது என் குரல் தடம் மட்டும் ஊமையாகக் கிடந்தது. உப்பிய திரை தானாக எதையோ அமுக்கியிருக்கும் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி ஊமை. மறுபடி திறந்தேன். இப்படி ஐந்தாறு தடவை. பேட்டரியைத் திட்டினேன், வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் மாக்கா தன் பெண்டாட்டிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வைமோவானா எதிரிலிருந்து சாலையைக் கடந்து வந்தாள்.

“கலாஃபி, நாளைக்கு ஏதோ புதுப் பாட்டாமே?”

“ஆமா.”

“யாருக்கு?”

“நாளைக்குத் தெரிஞ்சுடும்.”

“தெரியலைன்னா?” என்றாள். “நான் மக்கு. எனக்கெல்லாம் வெளக்கமாச் சொன்னாத்தான் புரியும்.” சொல்லிவிட்டுச் சிரித்தபடியே திரும்பிப் போனாள். அன்று மாலை இரண்டு கண்ணாடியை அளவு தவறி வெட்டினேன்.

ஞாயிறு பிறப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட வேண்டும் என்பதால் சனிக்கிழமை நாலு மணிக்கே வட்டம் கூடியது. மண்டபத்தில் தாழம்பாய் விரித்து எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வைமோவானா மரத்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கவா கலந்தாள். எங்கள் மூத்தவர் மோசேசே கிழவர், தனக்கு இன்னும் பல் முழுசாக இருப்பதாகவும் வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவளிடம் சொன்னார். “எண்ணிப் பாக்கத் தாத்தா, நீங்க வாயை மூடாம இருக்கணும். அது உங்களுக்குக் கஷ்டமே இல்ல,” என்றாள் அவள். மண்டபமே சிரித்தது. இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் என் பாட்டு வர வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

“கலாஃபி, எடுத்து விடுடா,” என்றான் மாக்கா.

போனைச் சார்ஜரில் ஒரு பக்கம், ஸ்பீக்கரில் ஒரு பக்கம் மாட்டியிருந்தேன். நேரில் பாடுவதற்காகக் குரல் தடத்தை நானே அடைத்து வைத்திருந்தேன். யுகுலேலே தொடங்கியது, பேஸ் சேர்ந்தது. நான் மூச்சை இழுத்தேன். வைமோவானாவின் கை தொட்டிக்குள் அப்படியே நின்றது.

நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ பாடினார்கள். ‘இருளை விலக்கும் விடியலே, என் ஆண்டவரே.’ மோசேசே கிழவர். என் மெட்டு, என் தாளம், ஒரு இம்மி பிசகவில்லை. இரண்டாவது வரிக்குள் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள், மூன்றாவதில் எல்லாரும் நான்கு குரலாகப் பிரிந்து பாடினார்கள். கவா குடிக்கிற கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். வைமோவானா என்னை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்து அவளும் பாடினாள். அவளுக்கும் வார்த்தை தெரிந்திருந்தது. நான் மட்டும்தான் என் பாட்டுக்கு வார்த்தை தெரியாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“ஆமென்,” என்று முடித்தார் கிழவர். “ஏன்டா, இதைப் பண்ணினது நீதானா? போன ஞாயிறு உங்கக்கா சர்ச் கொயர் ரேடியோவுல பாடினாங்களே. என் வீட்டுக்காரி அழுதுட்டா. அன்னிலேருந்து தெனம் ராத்திரி ரேடியோவுல போடுறான்.”

அக்கா கட்டிக்கொண்டு போன வீட்டார் வேறு சபை, நான் வேறு சபை. போன ஞாயிறு ரேடியோ நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன், மற்ற ராத்திரியெல்லாம் சமையலறையில் என் போனோடு கிடந்தேன். மாக்காவின் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து பிசிலாவைக் கூப்பிட்டேன். மாக்காவும் பின்னாலேயே வந்தான்.

“மாமா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்று ஆரம்பித்தாள் பிசிலா.

“எவ்வளவு கேட்ட?”

“மூணாவது அடி வரைக்கும் கேட்டேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பயப்படாதீங்க, காதுல மாட்டிக்கிட்டுத்தான். ஆனா அம்மா வந்து நின்னுட்டாங்க. என்னடி தனியா சிரிக்கிறன்னாங்க. மாமா பாட்டுன்னு வாயில வந்துடுச்சு. போடுன்னாங்க. நான் என்ன பண்ண? குரலை மட்டும் அடைச்சுட்டுப் போட்டேன்.”

“அப்புறம்?”

“சாமிப் பாட்டுன்னு நெனச்சுட்டாங்க. தம்பி பாட்டை வேற எப்படி நெனைப்பாங்க? கொயர் மாஸ்டர் சித்தப்பாவக் கூப்பிட்டுக் கேக்க வச்சாங்க. அவர் வார்த்தை எழுதிட்டார். மாமா, நான் அடைக்க அடைக்க நீங்க ஏன் தெறந்து விட்டுக்கிட்டே இருந்தீங்க? ஒரு நாள் கொயர் முழுக்க உக்காந்திருக்கு, ‘ஒரு மு’ன்னு உங்க குரல் வந்துடுச்சு. போனைத் தூக்கிக் கீழ போட்டுட்டேன். கண்ணாடி போயே போச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“இருங்க மாமா, அம்மா கேக்கறாங்க.”

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. அக்காவின் குரலைப் போனில் இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதே இல்லை.

“கலாஃபி.”

“சொல்லுங்கக்கா.”

“போனை நோண்டியே உன் தம்பி வீணாப் போறான்னு எல்லாரும் என்கிட்ட சொல்லுவாங்க. எனக்குப் பதில் தெரியாம தலையக் குனிஞ்சுக்குவேன். இனிமே குனிய வேண்டியதில்ல.”

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“நான் கண்ணை மூடுற அன்னிக்கு எனக்கு இதைத்தான் பாடணும்,” என்றாள். “பிசிலாகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்.”

“சரிக்கா.”

போனை மாக்காவிடம் கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான். “உள்ள போய் அவகிட்ட மட்டும் உண்மையச் சொல்லுடா,” என்றான். “ஒரே வார்த்தை. காத்துக்கிட்டிருக்கா.”

“பதினெட்டுப் பேருக்கு நடுவுல அவகிட்ட மட்டும் எப்படிடா சொல்றது? இன்னைக்குச் சொன்னா நாளைக்கு ஊருக்கே தெரியும். எங்கக்கா சர்ச்சுல நின்னு எதைப் பாடினாங்கன்னு தெரியும். அவங்க அப்புறம் எந்த மூஞ்சியோட வெளிய வருவாங்க?”

மாக்கா போனைப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே நடந்தான்.

உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. வைமோவானா கவாவை மொண்டு கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“மாக்கா சொன்ன பாட்டு இதுதானா?”

“ஆமா.”

“இதுக்கு வேற வார்த்தை ஏதாவது இருந்துதா, கலாஃபி?”

தணிந்த குரலில்தான் கேட்டாள், ஆனால் வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. போன் பக்கத்திலேயே இருந்தது. என் குரல் அதற்குள் அடைபட்டுக் கிடந்தது, திறக்க ஒரு விரல் போதும். அவள் காத்திருந்தாள். அவள் மக்கு இல்லை, விளக்கமாகச் சொல்லவும் தேவையில்லை, இருந்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று அவள் முகமே சொன்னது. இரண்டு வருஷத்தில் அவள் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

“இல்ல,” என்றேன். “சாமிக்குன்னே பண்ணினது.”

அவள், போதகர் முன்னால் உட்கார்ந்ததுபோல் இடுப்புத் துணியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் ஏந்தி என் பக்கம் நீட்டினாள்.

“எடுத்துக்கோங்க, ஐயா,” என்றாள்.